லோரோங் கூலிட்டில் வாங்கிய சீக்கோ 5: இரண்டு முறை பிரித்த பிறகே ஓடியது

நேற்றிரவு 11.20க்கு அந்தக் கடிகாரம் நின்றது. வெள்ளிக்கிழமை காலை 6.10க்கு முழுவதுமாகச் சாவி ஏறிய நிலையில் மேசைமேல் வைத்ததிலிருந்து கணக்கிட்டால் 41 மணி 10 நிமிடம். ஆறு வாரங்களுக்கு முன்பு இதே கடிகாரம் இதே மேசையில் 11 மணி நேரம்தான் தாங்கியது. இடையில் செய்தவற்றை, தவறுகளையும் சேர்த்து, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். பழைய சீக்கோ ஒன்றைத் தாமே பிரித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு நான் இழந்த மாலைகளில் இரண்டொன்றாவது மிச்சமாகட்டும்.

தைப்பூசத்துக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு லோரோங் கூலிட் சந்தைக்குப் போனேன். பினாங்கு ஜோர்ஜ்டவுனில் நகர விளையாட்டரங்கத்தை ஒட்டி நடக்கும் அந்தப் பழம்பொருள் சந்தைக்கு வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். நல்ல கடிகாரங்கள் முதல் ஒரு மணி நேரத்தில் கைமாறிவிடுகின்றன. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் விரல் நீள டார்ச் விளக்கும் சட்டைப்பையில் இருந்தன. விரிப்பில் கிடந்த இருபது, முப்பது கடிகாரங்களில் வெள்ளி நிற டயல் கொண்ட சீக்கோ 5 ஒன்றை எடுத்து மெதுவாக ஆட்டினேன். வினாடி முள் இருபது வினாடி நகர்ந்து நின்றது. கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் எடையான ரோட்டர் சுழலும்போது கரகரவென்று உலோகம் உரசும் ஒலி கேட்டது. சாவித்தலை இரண்டு நிலைகளுக்கும் தடையில்லாமல் வந்தது, கிழமையும் தேதியும் மாறின, முட்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் சுற்றின. கடைக்கார அங்கள் 130 வெள்ளி (ரிங்கிட்) சொன்னார். நிற்கும் கடிகாரம், கண்ணாடி முழுவதும் கீறல் என்று காட்டிப் பேசியதில் 85க்கு இறங்கி வந்தார்.

அங்கேயே டயலைக் கூர்ந்து பார்த்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பளீரென்ற நீல டயலுடன் ஒரு சீக்கோ 5ஐ இணையத்தில் 60 வெள்ளிக்கு வாங்கியிருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது பழைய தகட்டின்மேல் புதிதாக வண்ணம் பூசி அச்சடித்த டயல் என்று தெரிந்தது. எழுத்துகளின் ஓரம் மை பரவியதுபோல் தடித்திருந்தது. நிமிடக் கோடுகளில் ஒன்று தேதி ஜன்னலின் விளிம்பில் ஏறி நின்றது. டயலின் அடியில், ஆறு மணிக் குறிக்குக் கீழே, நூலிழை போல அச்சிட்டிருக்க வேண்டிய குறியீட்டு எண் இல்லவே இல்லை. இப்படிப்பட்ட டயல்கள் சந்தையில் நிறையச் சுற்றுகின்றன. ஆகவே இந்த முறை முதலில் லென்ஸை வைத்துப் பார்த்த இடம் ஆறு மணிக் குறியின் அடிப்பகுதிதான். 7009 என்று தொடங்கும் எண் இருபுறமும் சீராக, மெல்லிய கோட்டில் அச்சாகியிருந்தது. ஐந்து மணிக்கு அருகில் துருப்புள்ளி ஒன்றும் இருந்தது. அந்தப் புள்ளிதான் எனக்கு நம்பிக்கை தந்தது; விற்பதற்காகப் புதிதாக வண்ணம் பூசுகிறவர்கள் துருவை விட்டுவைப்பதில்லை.

சீக்கோவை அடையாளம் காண்பது மற்றப் பழைய கடிகாரங்களைவிட எளிது. பின்மூடியில் கோடு போட்டுப் பிரித்த இரண்டு நான்கிலக்க எண்களில் முதலாவது உள்ளிருக்கும் இயந்திரத்தையும், இரண்டாவது கூட்டின் வடிவத்தையும் குறிக்கும். 7009 என்பது அச்சு முனைகள் உராயாமல் சுழல 17 கல் வைத்த தானியங்கி இயந்திரம்; மணிக்கு 21,600 அதிர்வு, அதாவது வினாடிக்கு ஆறு. இதற்குச் சாவித்தலையைத் திருகிச் சாவி கொடுக்க முடியாது. கையில் கட்டி அசைத்தால் மட்டுமே ஏறும். பின்மூடியில் தனியாக இருக்கும் ஆறிலக்க வரிசை எண்ணின் முதல் எழுத்து ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது எழுத்து மாதம். ஒன்பதாம் மாதம் வரை எண்ணாகவும், அதன்பின் அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தாகவும் பொறிப்பார்கள். என்னுடையது 8ல் தொடங்கி, அடுத்து நவம்பருக்கான எழுத்தைக் கொண்டிருந்தது. எந்தப் பத்தாண்டின் 8 என்பதை மட்டும் அந்த எண் சொல்லாது. 7009 எழுபதுகளிலும் எண்பதுகளிலும் உற்பத்தியில் இருந்ததால் 1978, 1988 இரண்டுக்கும் வாய்ப்பிருந்தது. அதற்கு விடை பின்மூடியைத் திறந்த பிறகு கிடைத்தது.

திறப்பதே பெரும்பாடாக இருந்தது. ஆறு பள்ளங்கள் கொண்ட திருகுமூடி அது. ரப்பர் பந்தை அழுத்தித் திருப்பியதில் அசையவில்லை. 28 வெள்ளிக்கு வாங்கிய மூன்று கால் சாவியைச் சரியாகப் பொருத்தாமல் வேகமாகத் திருப்பியதில், ஒரு கால் வழுக்கி மூடியின் குறுக்கே இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறிவிட்டது. அந்தக் கீறல் இன்றும் இருக்கிறது. மறுநாள் மூடியின் விளிம்பில் ஊடுருவும் எண்ணெய் ஒரு துளி விட்டு, இரவு முழுவதும் கவிழ்க்காமல் வைத்து, கூட்டை மரத்தாங்கியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு திருப்பியபோது சட்டென்று இளகியது. உள்ளே இருந்த ரப்பர் வளையம் தார்போல் இளகி ஒட்டிக்கொண்டிருந்தது. பல்குச்சியால் சுரண்டி எடுக்க அரை மணி நேரம் ஆனது. மூடியின் உட்புறத்தில் ரோட்டர் உரசிய வட்டக் கீறலுக்கு மேலே ஊசியால் பொறித்த சிறு எழுத்துகள் தெரிந்தன: 6-84. யாரோ ஒருவர் 1984 ஜூனில் இதைப் பழுது பார்த்துத் தம் கணக்குக்காகக் குறித்து வைத்திருக்கிறார். 1984ல் பழுது பார்த்த கடிகாரம் 1988ல் பிறந்திருக்க முடியாது. ஆகவே இது 1978 நவம்பரில் செய்தது.

சீக்கோ 5 என்ற வரிசை 1963ல் வந்தது. தானாகச் சாவி ஏறுவது, கிழமையும் தேதியும் ஒரே ஜன்னலில் தெரிவது, நீர் புகாமை, நான்கு மணிப் பக்கத்தில் உள்ளடங்கிய சாவித்தலை, உறுதியான கூடும் பட்டையும் என்ற ஐந்தும்தான் அந்தப் பெயரிலுள்ள ஐந்து. ரோட்டர் எந்தப் பக்கம் சுழன்றாலும் சாவி ஏறச் செய்யும் மேஜிக் லிவரை அதற்கும் முன்பே, 1959ல், சீக்கோ கொண்டுவந்துவிட்டது. இரண்டு நகங்கள் கொண்ட சிறிய லிவர் அது; ஒரு நகம் சக்கரத்தைத் தள்ளும்போது மற்றது வழுக்கிப் பின்வாங்கும், அடுத்த அசைவில் அது இழுக்கும். லென்ஸுக்குக் கீழே விரலால் ரோட்டரை மெதுவாக ஆட்டி அந்த நகங்கள் மாறி மாறி வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஐந்து வெள்ளிக்குக் கிடைக்கும் சாமானைப் போல எளிமையானது, ஆனால் நாற்பது ஆண்டுக்கு மேல் உழைக்கிறது.

பிரிக்கும் வேலையை மூன்று இரவுகளில் செய்தேன். பினாங்கு ஈரக்காற்றில் குளிர்சாதனம் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்வதால், விரல்நுனி உறை போடும் பழக்கம் எனக்கு ஏற்கெனவே உண்டு; ஆனாலும் முதல் இரவு ஒரே ஒரு முறை மறந்து, ஸ்பிரிங்கைச் சுருட்டும் ராட்செட் சக்கரத்தை வெறுங்கையால் எடுத்துவிட்டேன். பத்தாவது நாள் அதன்மேல் என் கட்டைவிரல் ரேகை பழுப்பு நிறத் துருவாகப் பதிந்திருந்தது. ரேகையின் கோடுகளைக்கூட எண்ணலாம் போலிருந்தது.

எதையும் கழற்றுவதற்கு முன் ராட்செட் சக்கரம் பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் கிளிக்கைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தை ஓட்டும் மெயின்ஸ்பிரிங்கின் விசையைச் சிறிது சிறிதாக இறக்கினேன். விசை மிச்சமிருக்கும்போது சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக விடும் பேலட் ஃபோர்க்கைத் தூக்கினால் சக்கரங்கள் சீறிச் சுழன்று பற்களையும் அச்சு முனைகளையும் உடைத்துக்கொள்ளும். பிறகு டயல்மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து முட்களைக் கிளப்பினேன். அடுத்து கிழமைத் தட்டு. அதைப் பிடித்திருப்பது சி வடிவில் பிளந்த மெல்லிய கம்பி வளையம். இடுக்கியால் ஒரு முனையைத் தள்ளியதும் டிக்கென்று ஒலி கேட்டது, வளையத்தைக் காணவில்லை. காந்தத்தைத் துணியில் சுற்றித் தரை, நாற்காலி, என் சட்டை மடிப்பு எல்லாவற்றிலும் ஓட்டினேன். இரண்டு மணி நேரத் தேடலுக்குப் பிறகு கைவிட்டேன். அப்போதுதான் பெட்டியில் கிடந்த நீல டயல் சீக்கோ நினைவுக்கு வந்தது. அதிலும் 7009 இயந்திரம்தான். அதன் வளையத்தைக் கழற்றியபோது முழுவதையும் தெளிந்த பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு, பைக்கு வெளியிலிருந்து இடுக்கியை நுழைத்துச் செய்தேன். வளையம் பறந்தது, பைக்குள்ளேயே விழுந்தது. இனி எந்த ஸ்பிரிங்கையும் அப்படித்தான் கழற்றுவேன்.

இயந்திரத்தின் மறுபுறம் ரோட்டர், முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம், பேலட் ஃபோர்க், சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் மேற்பாலம், சக்கரங்கள், மெயின்ஸ்பிரிங் இருக்கும் வட்டப்பெட்டியான பேரல் என்று ஒவ்வொரு படியையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு இறங்கினேன். ரோட்டரின் நடுத்திருகு அரைச்சுற்று தளர்ந்திருந்தது; சந்தையில் கேட்ட கரகர ஒலிக்கு அதுதான் காரணம். எண்ணெய் இருக்க வேண்டிய கற்களில் பழுப்பு நிறப் பிசின்தான் இருந்தது.

கழுவுவதற்கு லைட்டரில் ஊற்றும் நாஃப்தா மூன்று தடவை, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு தடவை. மூக்குக்கண்ணாடி கழுவ விற்கும் சிறிய அல்ட்ராசோனிக் தொட்டிக்குள் கண்ணாடிக் குப்பியை நிறுத்தி ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் ஓட விட்டேன். பேலட் ஃபோர்க்கையும் பேலன்ஸையும் ஆல்கஹாலில் போடவில்லை. அவற்றின் சிறு கற்களை அரக்கு வைத்து ஒட்டியிருப்பார்கள். ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். கல்துளைகளைக் குடைய முதலில் சாத்தே குச்சியைக் கூராக்கிப் பயன்படுத்தியது தவறு. மூங்கில் நார் நாராகப் பிரிந்து, ஒரு நார், பேலட் ஃபோர்க்கைத் தள்ளும் எஸ்கேப் சக்கரத்தின் கல்லுக்குள் நின்றுகொண்டது. அதை எடுக்கவே ஒரு மாலை போயிற்று. சாதாரண மரப் பல்குச்சியின் முனையைச் சீவினால் மெதுவாகவும் சுத்தமாகவும் குடைகிறது.

பேரலைத் திறந்து மெயின்ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, துடைத்து, கையாலேயே சுருட்டி உள்ளே வைத்தேன். அப்போது பேரலின் உட்சுவர் முழுவதும் எண்ணெய் தடவினேன். உராய்வு குறைந்தால் நன்றாக ஓடும் என்று நினைத்துத் தாராளமாகவே தடவினேன். இந்தப் பதிவின் மையமே அந்த ஒரு துளி எண்ணெய்தான் என்பதால் இங்கே குறித்துவிடுகிறேன்.

திரும்பப் பூட்டும்போது மிகவும் சிரமப்பட்டது மேற்பாலத்தில். பேரலும் எல்லாச் சக்கரங்களும் ஒரே பாலத்தின் கீழ் நிற்கின்றன. எல்லா அச்சு முனைகளும் தத்தம் கல்லுக்குள் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. பாலம் தானாகப் படியும் வரை திருகைத் தொடக்கூடாது. இறுக்கிப் படிய வைக்க முயன்றால் அச்சு முறியும். படிந்த பிறகு பேரலை லேசாகத் தள்ளிப் பார்த்தேன். எல்லாச் சக்கரங்களும் ஒன்றாகச் சுழன்று நின்றன. வேகமாக ஓடும் சக்கரங்களின் முனைகளுக்கும் பேலட் கற்களுக்கும் மோபியஸ் 9010 என்ற கடிகார எண்ணெய் இட்டேன். பேலன்ஸைப் பொருத்தியதும் அது மூச்சு விடுவதுபோல் ஆடத் தொடங்கியது. அந்த நேரத்து மகிழ்ச்சியைச் சொல்ல எனக்குச் சொற்கள் இல்லை. மனைவியை எழுப்பிக் காட்டினேன்.

நாள் முழுவதும் கையில் கட்டிவிட்டு இரவு பத்து மணிக்குக் கழற்றி வைத்தேன். காலை ஒன்பது மணிக்கு முன்னரே நின்றிருந்தது. மூன்று நாள் தொடர்ந்து இதே கதை. ரோட்டரில்தான் குறை என்று முடிவு கட்டி, மேஜிக் லிவரை இரண்டு முறை கழற்றி நகங்களைப் பார்த்தேன், தேய்மானம் இல்லை. வீணான ஒரு வாரம் அது.

அதற்குப் பிறகு லிட்டில் இந்தியாவில் கடைகளின் முன்னுள்ள ஐந்தடி நடையில் கண்ணாடிப் பெட்டி வைத்து உட்கார்ந்திருக்கும் கடிகாரக்கார பாயிடம் எடுத்துப் போனேன். எழுபதைக் கடந்தவர். மைக்ரோஃபோன் வைத்த அளவுக் கருவியில் கடிகாரத்தை மாட்டினார். பேலன்ஸின் வீச்சு 190 பாகை காட்டியது. பின்மூடியைத் திறந்து, ரோட்டரை ஒதுக்கி, ராட்செட் சக்கரத்தின் திருகைத் திருப்புளியால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே எண்ணினார். மூன்றாவது சுற்றில் கையை நிறுத்தி, திருப்புளியை என்னிடம் கொடுத்தார்.

“தம்பி, நீங்க சுத்திப் பாருங்க. இறுகுதா, வழுக்குதா?”

வழுக்கியது. ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே ஏதோ மெத்தென்று நழுவுவது விரலுக்குத் தெரிந்தது.

“பேரல் சுவத்துல எண்ணெய் போட்டீங்களா?”

“ஆமாம் பாய். நல்லாவே போட்டேன்.”

“ஆட்டோமேட்டிக்ல அந்தச் சுவரு ஸ்பிரிங்கைப் பிடிச்சு நிக்கணும் தம்பி. முழுசா ஏறின பிறகுதான் வழுக்கணும். நீங்க முன்னாடியே வழுக்க விட்டுட்டீங்க.”

கையால் சாவி கொடுக்கும் கடிகாரத்தில் மெயின்ஸ்பிரிங்கின் வெளிமுனை பேரலின் சுவரில் கொக்கி போட்டு நிற்கும். தானியங்கியில் கொக்கி கிடையாது. வெளிமுனையில் ஒட்டியிருக்கும் தடித்த துண்டு சுவரை அழுத்திக்கொண்டு உராய்வால் மட்டும் நிற்கிறது. கை அசைந்துகொண்டே இருப்பதால் ஸ்பிரிங் முழுவதுமாக ஏறிய பிறகும் ரோட்டர் சுற்றும். அப்போது உடைந்துவிடாமல் நழுவ இந்த ஏற்பாடு. அந்த உராய்வை நான் எண்ணெயால் போக்கிவிட்டேன். ஸ்பிரிங் பாதிகூட ஏறாமல் நழுவியது, வீச்சு குறைந்தது, 11 மணி நேரத்தில் தீர்ந்தது. மூன்று வாரம் தேடிய விடையைப் பாய் மூன்று சுற்றில் கண்டுபிடித்தார்.

இரண்டாவது முறை பிரித்தபோது பேரலை நாஃப்தாவில் நான்கு தடவை கழுவி, உட்சுவரை உலர்ந்த துணியால் துடைத்து, தானியங்கி பேரலுக்கென்றே செய்யப்படும் மோபியஸ் 8217 என்ற பிடிமானக் கிரீஸை ஐந்து இடங்களில் மட்டும், ஊசி முனை அளவு வைத்தேன். பூட்டிய பின் ராட்செட் திருகைச் சுற்றி எண்ணினேன்: ஏழாவது சுற்றுக்கு மேல்தான், நன்றாக இறுகி எதிர்த்த பிறகு, நழுவியது. இந்த முறை மேற்பாலம் 25 நிமிடத்தில் படிந்தது.

கண்ணாடிக்கு வருகிறேன். அக்ரிலிக் கண்ணாடிக்கான மெருகுப் பசையைப் போட்டு ஒரு மணி நேரம் தேய்த்தேன். ஒரு கீறல்கூடக் குறையவில்லை. இது கடினப்படுத்திய கனிமக் கண்ணாடி; அந்தப் பசைக்கு மசியாது. டிஜிட்டல் காலிப்பரால் விட்டத்தை மூன்று இடங்களில் அளந்து, 22 வெள்ளிக்குப் புதியது வரவழைத்தேன். அதைப் பாயின் அழுத்துக்கருவியில் வைத்துப் பொருத்தினோம். பின்மூடிக்குப் புது ரப்பர் வளையம் 6 வெள்ளி. நீரழுத்தச் சோதனை செய்யாததால் மழைநாளில் இதைக் கட்டுவதில்லை.

நேரம் சரிசெய்யும்போது இன்னொரு தவறு. பேலன்ஸின் மேல் இரண்டு சிறு லிவர்கள் அருகருகே நிற்கின்றன; ஒன்று வேகத்துக்கு, மற்றது துடிப்பின் சமநிலைக்கு. வேகத்தைக் குறைக்க நினைத்து மற்றதை நகர்த்தியதில் துடிப்புப் பிழை (டிக், டாக் இரண்டின் இடைவெளியில் உள்ள வேறுபாடு) 0.6லிருந்து 2.8 மில்லிவினாடிக்கு ஏறியது. திரும்பக் கொண்டுவர முக்கால் மணி நேரம். இப்போது டயல் மேல்நோக்கி இருக்கும்போது வீச்சு 238 பாகை, நாளுக்கு 9 வினாடி முந்தல், துடிப்புப் பிழை 0.4.

செலவுக் கணக்கு: கடிகாரம், கண்ணாடி, வளையம் மூன்றும் 113 வெள்ளி. கருவிகளில் பின்மூடிச் சாவி 28, திருப்புளித் தொகுப்பு 45, இரண்டு இடுக்கிகள் 32, அல்ட்ராசோனிக் தொட்டி 69. நாஃப்தாவும் ஆல்கஹாலும் 27. 9010 எண்ணெயும் 8217 கிரீஸும் சிறு குப்பிகளில் பிரித்து விற்பவரிடம் வாங்கியது 65. பாய் காசு வேண்டாம் என்று மறுத்தும் 20 வெள்ளியை வற்புறுத்திக் கொடுத்தேன். மொத்தம் 399.

அடுத்த கடிகாரத்தில் பிரிப்பதற்கு முன்பே ராட்செட் திருகைச் சுற்றி எத்தனையாவது சுற்றில் நழுவுகிறது என்று குறித்துக்கொள்வேன். இதற்கு ஒரு நிமிடம் போதும். ஸ்பிரிங், பேரல் இரண்டின் நிலையும் அதிலேயே தெரிந்துவிடும். மெயின்ஸ்பிரிங்கைக் கையால் சுருட்டாமல் அதற்கான சுருட்டி ஒன்று வாங்குவேன். கையால் சுருட்டும்போது அது கூம்பாக வளைந்துவிடும் அபாயத்தை இந்த முறை நல்வாய்ப்பாகத் தப்பினேன். கண்ணாடியையும் வளையத்தையும் அளந்து முதலிலேயே வரவழைப்பேன். கூடு திறந்து கிடந்த அந்தப் பத்து நாளில்தான் ராட்செட் சக்கரம் துருப்பிடித்தது.

ஒரு குறை மட்டும் இன்னும் தீரவில்லை. தேதி நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் முன்பே மாறிவிடுகிறது, கிழமை 12.40 வரை இழுத்துக்கொண்டு போகிறது. கிழமைத் தட்டின் வளையம் வேறொரு கடிகாரத்திலிருந்து வந்ததால் சற்று இறுக்கமாக இருக்கலாம் என்று பாய் கருதுகிறார். அதனால் இரவு ஒன்பது மணிக்கு மேல் விடியும் வரை தேதியையோ கிழமையையோ சாவித்தலையால் மாற்றுவதில்லை. அந்த நேரத்தில் உள்ளே தட்டுகளைத் தள்ளும் விரல்கள் பற்களில் மாட்டியிருக்கும், வலிந்து திருப்பினால் உடையும். வரும் ஞாயிறு லோரோங் கூலிட்டில் பழுதான 7009 ஏதாவது கிடைத்தால், அதன் வளையத்தைப் பொருத்திப் பார்க்கப் போகிறேன்.